ஒரு சொல் திருத்தம்

முருங்கைக்காயைப் பாம்பு என்று நினைப்பது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். காய்ந்து முறுக்கிக்கொண்டு சருகுக்குள் கிடந்து, அதை ஒருவர் எட்ட நின்று மங்கலாகப் படம் எடுத்து அனுப்பினால், ஐயா, நீங்களும் ஏமாந்திருப்பீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தப்பாகப் படும்.

என் பெயர் சங்கரலிங்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வெளியே வீடு கட்டிக்கொண்டேன். இந்த டவுன்ஷிப்பில் மரம் அதிகம், எலி அதிகம், ஆகவே பாம்பும் அதிகம். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ரைஹான், இணையத்தில் 'நெய்வேலிப் பாம்பு மன்றம்' என்று ஒன்றை உருவாக்கிக் கொடுத்தான். நான் அட்மின். வீட்டுக்குள் பாம்பு வந்தால் படம் போடுவார்கள். அது என்ன பாம்பு, விஷம் உண்டா என்று நான் சொல்வேன். இரண்டாயிரம் உறுப்பினர்களுக்கு மேல் சேர்ந்தார்கள்.

நல்ல ஜனங்கள். பெல்ட்டைப் படம் எடுத்து "இது கடிக்குமா?" என்பார்கள். தூங்குகிற மாமியாரைப் படம் எடுத்து "விஷம் உள்ளதா சார்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டுத்தான் நீக்கினேன். ஒருமுறை ஓர் அம்மாள் பாம்புக்குப் பயந்து மூன்று மணி நேரம் கட்டிலின் மேலேயே நின்றார். பாம்பு பிடிப்பவர் வந்து சேரும்வரை நாற்பது பேர் மாற்றி மாற்றி எழுதி அவருக்குத் துணையிருந்தார்கள்.

அவர்களில் எல்லோருக்கும் பிடித்தவன் குழந்தைவேல். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். "பாம்புகூட சட்டைய மாத்துது சார், நான் பதினாலு வருஷமா கான்ட்ராக்ட் சட்டையவே போட்டுகினு இருக்கேன்" என்று எழுதுவான். எனக்கும் அவனைப் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மலர்கொடி வந்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியை. நான் நல்லபாம்புக் குட்டி என்று எச்சரித்திருந்த படத்துக்குக் கீழே, "சார், இதால சாம்பாருக்கு மட்டும்தான் ஆபத்துங்க" என்று எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். குழந்தைவேல் எனக்கு 'முருங்கை சார்' என்று பெயர் வைத்தான். நானும் சிரிப்புப் படம் ஒன்று போட்டேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, பார்க்கலாம்.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னைக் கேட்டுவிட்டு, டீச்சரையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவள் எழுதுவது என் அனுமதிக்குப் பிறகே வெளியாகும்படி மாற்றி வைத்தேன். அட்மினுக்கு அந்த வசதி உண்டு, வேண்டியதைத் திருத்தவும் முடியும். நிர்வாகம் என்றால் இதெல்லாம் இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, குழந்தைவேல் ஒரு படம் போட்டான். அவன் ஹெல்மெட்டுக்குள் கறுப்பாக, வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று சுருண்டு படுத்திருந்தது. கட்டுவிரியன். பார்த்ததும் தெரிந்தது. விஷமில்லாத இன்னொரு பாம்பும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் இதில் சந்தேகமே இல்லை.

மலர்கொடியின் பதில் எட்டு ஐம்பதுக்கு என்னிடம் வந்தது. "இது கட்டுவிரியன். தொடாதீங்க. எட்ட நின்னுகினு பாம்பு புடிக்கிறவங்களக் கூப்பிடுங்க." வகுப்பில் செல்போன் கூடாது என்பதால் அணைத்து வைத்துவிடுவாள். மாலைவரை அவளால் எதையும் பார்க்க முடியாது.

நான் ஒரே ஒரு சொல்தான் சேர்த்தேன். கட்டுவிரியன் என்பதற்குப் பிறகு 'இல்லை' என்று. அதைச் சேர்த்த பிறகு மற்ற இரண்டு வாக்கியங்களும் பொருந்தவில்லை. எடுத்துவிட்டு வெளியிட்டேன்.

அவள் சொன்னது ஒரு முறையாவது தப்பாகிப்போக வேண்டும், அவ்வளவுதான். சற்றுப் பொறுத்து, "டீச்சர் சொன்னது தவறு, இது கட்டுவிரியன்" என்று நான் வந்து சொல்வதாக இருந்தேன். எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் குழந்தைவேல் அதைக் கையில் சுற்றிக்கொண்டு படம் போட்டுவிட்டான். பகலில் கட்டுவிரியன் சோம்பிக் கிடக்கும். "மாப்பிள்ளை மாதிரி சாதுவா இருக்காரு" என்று எழுதியிருந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சொன்னால் யார் காதிலும் ஏறாது. காத்திருந்தேன்.

அது கடித்தது அவனுக்கே தெரியவில்லை. எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு, "கண்ணு சொக்குது சார், ரெண்டு ஷிப்ட் பார்த்த மாதிரி" என்று எழுதினான். கல்யாணம் ஆனால் அப்படித்தான் என்று நாலைந்து பேர் கேலி செய்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டேன்.

ஒரு மணிக்கு அவன் மனைவி செந்தாமரை போன் செய்தாள். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"சார், அவருக்குக் கண்ணு தொறக்க வரலை. பேச்சு கொழறுது. தூங்குறாருன்னு நெனச்சுகினு இருந்தேன். அந்தப் பாம்பு ஒண்ணும் பண்ணாதுதானே சார்?"

"டீச்சர்தானேம்மா சொன்னாங்க. அவங்களையே கேளு" என்றேன்.

அவள் கேட்கத்தான் முயன்றாள். டீச்சரின் போன் அணைந்திருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மணி மூன்று. வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம்.

மன்றம் மலர்கொடியைக் கிழித்துப் போட்டது. தான் அப்படி எழுதவில்லை என்று முதல் நாள் முழுக்கச் சொன்னாள். மூன்றாம் நாள், "அவசரத்துல எழுதியிருப்பேன் போல. என் பேர்லதானே இருக்கு. செந்தாமரை அக்கா என்னை மன்னிக்கணும்" என்று எழுதினாள். அதற்குக் கீழே, தவறு எல்லோருக்கும் வருவதுதான், மனதைத் தளரவிடாதே அம்மா என்று ஆறுதல் சொன்னவன் நான் ஒருவன்தான். அவள் அன்றே மன்றத்தை விட்டுப் போய்விட்டாள்.

திருத்துவதற்கு முன் இருந்ததையும் கம்ப்யூட்டர் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ரைஹான் அதைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டான். காபி சாப்பிடுகிறாயா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான்.

ஆமாம், திருத்தியது நான்தான். வேறு யாரும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒரு விஷயம். நேற்று வளையமாதேவியிலிருந்து ஒருவர் படம் போட்டிருந்தார், மோட்டார் கொட்டகைக்குள் ஏதோ இருக்கிறதாம். நீங்கள் என் போனை வாங்கி வைக்கும்வரை யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் இப்போது அங்கே யாரும் இல்லை. பத்து நிமிடம் அதைக் கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடுவேன். பாவம், தெரியாமல் தொட்டுவிடப்போகிறார்.