சுவரைப் பார்த்த முகங்கள்

தலைமை நாற்காலியில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் நயீம் அகமது அவர்களே! புறப்படும் அவசரத்தில் இருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! ஒலிபெருக்கியை எப்போது பிடுங்கலாம் என்று காத்திருக்கும் ஓவிய மன்றச் செயலாளர் தம்பி சூரியபிரகாஷ் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பின்வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில், நல்ல புடவை உடுத்தி வந்து நிற்கும் தாய்மார்களே! பேரணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பஸ் ஏறி வந்த என் தையல் லைன் சகோதரிகளே! எல்லோரையும் வணங்குகிறேன். கடைசியில் நிற்பவர்களை முதலில் வணங்குகிறேன்.

இந்தப் பொன்னாடையை மேசைமேல் வைத்துவிடுகிறேன். வேண்டாம் தம்பி, மறுபடி போர்த்தாதே. கழுத்து வேர்க்கிறது.

என் பெயர் தனகோடி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தே வயதைக் கழித்தவள். ஓவியம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிறேன் என்று வந்தவரையும் நான் உட்காரவிட்டதில்லை.

சென்ற மாதம் மன்றம் ஒரு சவால் விடுத்தது. நாளுக்கொரு படம், மாதம் முழுவதும், ஒரு நாளும் விடக்கூடாது. பெயர் கொடுக்கப் போனேன். செயலாளர் தம்பி சொன்னது சபைக்குத் தெரிய வேண்டும்.

"ஆயா, இது பசங்களுக்கு வெச்சது. நீ ஒரு வாரம்கூடத் தாங்க மாட்ட, பேஜாராய்டுவ."

"தாங்குறனா இல்லையான்னு மாசக் கடைசியில வந்து பாரு. இப்ப பேரை எழுது."

பசங்கள் என்ன ஆனார்கள்? ஒருவன் திருப்பத்தூரில் கல்யாணம் என்று நிறுத்தினான். ஒருத்தி பரீட்சை என்று நிறுத்தினாள். மன்றத்தின் ஓவிய ஆசிரியரே அமிர்திக்குச் சுற்றுலா போய் அருவியோடு நின்றுவிட்டார். நிற்காதவள் யார்? காய்ச்சலில் வரைந்தவள் யார்? கரண்ட் போனபோது வாசலில் குந்தி வரைந்தவள் யார்? கைதட்டாதீர்கள். என் வயிற்றெரிச்சலை நான் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை.

எதில் வரைந்தேன்? தோலில்! கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுத் தோலில். முதல் நாள் வழவழப்பான மேல்பக்கத்தில் வரைந்தேன். காலையில் மடக்கிப் பார்த்தால் வர்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பளபளப்பு பூசிய பக்கம் வேறெதையும் ஏற்காது. திருப்பினேன். சொரசொரப்பான சதைப்பக்கம், உழுத நிலம் மழையைக் குடிப்பதுபோல வர்ணத்தைக் குடித்தது. இனி இதுவே என் பக்கம் என்றேன்.

எதை வரைந்தேன்? மலையையா? மயிலையா? மன்னரையா? முகங்களை! என்னோடு தைத்த பெண்களின் முகங்களை. டார்கெட் முடிந்த மாலையில் மலர்ந்த முகங்களை. சூப்பர்வைசர் கத்தியபோது கவிழ்ந்த முகங்களை. கடைசி நாள், கடைசிப் படம், வஜீதா. எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள். சர்க்கரை நோய் அவள் ஒரு கண்ணைத் தின்றுவிட்டது, மறுகண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"உன் மூஞ்சிய மண்டபத்துல மாட்டறாங்கடி. வந்து பாரு."

"எம் மூஞ்சிய எவ பாப்பா?"

"நீ பாரு. கண்ணு இருக்கும்போதே பாரு."

வந்தாள். மகள் உமைமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி வந்தாள்.

வந்து பார்த்தால், அதோ அந்தச் சுவரில் என்ன தொங்குகிறது? பழுப்புத் தோல்! கறுப்புத் தோல்! வெறுந்தோல்! பளபளப்பு நம்மைப் பார்க்கிறது. என் பெண்கள் சுவரைப் பார்க்கிறார்கள்!

மாட்டியவர்களைக் கேட்டேன். "தோலுன்னா நல்ல பக்கம்தானே வெளிய வரணும்?" என்றார்கள். ஆம்பூரில் வளர்ந்த கை வேறெப்படி மாட்டும்? அது பிழை. பிழையை நான் பொறுப்பேன். அதன்பின் நடந்ததைப் பொறுப்பேனா?

தலைவர் ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்த்தார். தோல் முதலாளியின் விரல் அல்லவா! "பினிஷிங் பிரமாதம்" என்றார். சிறப்பு விருந்தினர் இதே ஒலிபெருக்கியில், "எதையும் வரையாமலே எல்லாவற்றையும் வரைந்துவிட்டார் இந்த அம்மையார்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள்! படம் எங்கே என்று முன்வரிசையில் ஒருவராவது கேட்டாரா?

கேட்டாள் ஒருத்தி. தோலில் மூக்கு உரச நின்றுகொண்டு கேட்டாள். "தனகோடி, எனக்கு ஒண்ணுமே தெரியலடி. நான் எங்க இருக்கேன்?"

இருந்த கண்ணும் போய்விட்டதென்று நடுங்கிவிட்டாள், ஐயா! நடுங்கிவிட்டாள்!

செயலாளரிடம் ஓடினேன். திருப்பி மாட்டச் சொன்னேன். "கெஸ்ட் பாராட்டிட்டாரு ஆயா, போட்டோ எடுத்தாச்சு. இப்போ திருப்பினா அவருக்கு அசிங்கம். அவர் போகட்டும், பாத்துக்கலாம்" என்கிறார். அவர் போகும்வரை ஒருத்தி தன்னைக் குருடி என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

ஆகவே சபையோரே, அந்தத் தோல்கள் திரும்பும்வரை இந்தப் பேச்சு முடியாது. நேரமாகிறதா? ஆகட்டும். பின்வரிசையில் நிற்கும் என் லைன் சகோதரி ஜஹீதா! நீதான் உயரம். எழுந்து போ. கழற்று. திருப்பு.

தொடாதே என்று சொன்னது யார்? நாங்கள் தொடாத தோலா?

ஆ, அது ஃபிர்தௌஸ். சிரிக்கிறாள் பாருங்கள். அடுத்தது வள்ளியம்மாள். கீழ்வரிசை, ஓரத்தில் இருப்பது... அதுதான். அதைச் சுவரில் மாட்டாதே, வஜீதா கையில் கொடு. உமைமா, அம்மாவை விளக்கடிக்கு அழைத்துப் போ கண்ணு.

என்ன சொல்கிறாள்? இங்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லடி வஜீதா, சபை கேட்கட்டும்!

"மூக்க ஜாஸ்தி பெருசா வரைஞ்சிட்டாடி பாவி!"

தெரிகிறது. அவளுக்குத் தெரிகிறது.

வெளியே விருந்தினரின் கார் கிளம்புகிறது போலிருக்கிறது. ஓடிப்போய் இந்தப் பொன்னாடையை அவருக்கே போர்த்திவிடுங்கள், தம்பி. ஜரிகைப் பக்கம் வெளியே தெரியும்படி போர்த்துங்கள்.

திருப்பிய கைகளுக்கு என் நன்றி. திருப்பாமல் பாராட்டிய வாய்களுக்கும் ஒரு வணக்கம்.