முள் ஏறவில்லை

என் அண்ணன் தங்கமான மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு மறந்துவிடும்.

இருவர் உட்காரும் சிறு விமானம் அவருடையது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஒரு வட்டமடித்து இறக்குவார். எஞ்சின் என் பொறுப்பு. பார்த்து முடித்ததும், கை துடைத்த துணியை விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியில் தொங்கவிடுவேன். துணி தொங்கினால் அவர் எஞ்சின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். "என் தம்பி துணி போட்டா அதுக்கு மேல அப்பீலே இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

சாப்பாடு அவர் வீட்டில், படுக்கை அவர் மாடியறையில். வேறொரு விமானத்தளத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது போனை எடுத்தது அண்ணன்தான். "அவனா? என்னை விட்டு எங்கயும் வரமாட்டாங்க" என்று சிரித்தபடி வைத்துவிட்டார். பெண் பார்த்தபோதும், கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் இங்கேதான் என்றார். பெண் வீட்டார் நழுவிவிட்டார்கள். அன்பாக இருக்கிறார் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு தவறு செய்தால் என்மேல் நம்பிக்கை போய்விடும், அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அந்த எஞ்சினின் சூட்டைத் தணிப்பது கூலன்ட். ரப்பர் குழாயில் ஓடி, சூட்டை ரேடியேட்டரில் கொட்டிவிட்டுத் திரும்பும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்தினேன். துணியைத் தொங்கவிட்டேன். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும், இறங்கி வந்து திட்டுவார் என்பது என் எண்ணம். அன்று பயணிகள் இல்லை, அண்ணன் தனியாக ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன், நான் ஈவிரக்கமில்லாதவன் அல்ல.

முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். கூலன்ட் வடிந்துவிட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் ஏறாது. இது எனக்குத் தெரியும். அன்று காலை நினைவுக்கு வரவில்லை.

ரேடியோவில் கூப்பிட்டார். "தம்பி, என்னமோ இனிப்பா வாசம் வருதுடா. இறங்கிடவா?"

"முள் எங்கண்ணா நிக்குது?"

"கீழதான். சமத்தா நிக்குது."

அப்போது நினைவுக்கு வந்தது. இனிப்பு வாசம் வடிந்த கூலன்டுடையது. ஓடுதளம் அவருக்கு நேர் கீழேதான் இருந்தது.

"அப்ப ஒண்ணுமில்லண்ணா. மலைப்பக்கம் ஒரு சுத்து போயிட்டு வாங்க."

இறங்கச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டியிருப்பார். மறுநாள் விடிந்ததும் நான் அங்கேயே வேலைக்குப் போயிருப்பேன்.

அண்ணனின் காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இனிமே எங்களுக்கு நீங்கதான் எல்லாம். எங்கயும் போயிடாதீங்க." குழந்தைகள் என் காலைக் கட்டிக்கொண்டார்கள். சரி அண்ணி என்றேன். நேராக இங்கே வந்துவிட்டேன்.

மனசாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். என்னை ஜாமீனில் எடுக்க அண்ணி வருவார். என் கொழுந்தன் அப்படிச் செய்திருக்கவே மாட்டான் என்று அழுவார். தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.