மூன்று கோடும் ஒரு வட்டமும்

நான் பஸ்ஸில் புத்தகத்தை விரித்துவைப்பதே அடுத்தவர் பேச்சைக் கேட்கத்தான். பழங்காநத்தம் தாண்டும்போது முன்சீட்டில் ஒரு குரல்:

"வெள்ளைக்காரன் போனாலும் முத்திரையை விட்டுட்டுத்தான் போயிருக்கான்!"

சொன்னவர் கே.கே. நகர் ஆபீஸ்காரர். மடியில், சந்தையில் அன்று வாங்கிய பழைய இழைப்புளி. பக்கத்தில் ரம்பப் பையோடு ஒரு தச்சர்.

"மூணு கோடு, ஒரு வட்டம். லண்டன் கம்பெனி மார்க். அம்புட்டுப் பேரும் வெறுங்கட்டைன்னு தாண்டிப் போறான். நான் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்."

தச்சர் வாங்கிப் பார்த்தார்.

"சார், இது நான் போட்ட கோடு. மச்சான் தூக்கிட்டுப் போயிருவான்னு போட்டது. போன மாசம் வேலைத்தலத்துல களவு போச்சு. அன்னையிலருந்து இரவல் இழைப்புளியிலதான் என் பொழப்பு ஓடுது."

"அத்தாட்சி?"

தச்சர் இழைப்புளியின் ஆப்பைத் தட்டி, மரம் சீவும் தகட்டை உருவினார். உள்ளே பென்சிலில் 'செல்வி' என்று எழுதியிருந்தது.

"என் மக பேரு சார்."

ஆபீஸ்காரர் இழைப்புளியைத் திரும்ப வாங்கி, கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப இது லண்டன் இல்லையா?"

"கொட்டாம்பட்டிப் புளியமரம் சார். நானே செதுக்குனது."

இழைப்புளி உடனே தச்சர் மடிக்குப் போனது.

"நீங்களே வச்சுக்கங்க ஆசாரி. சீமைச் சரக்கா இருந்திருந்தா, போலீசே வந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."