சும்மா கிடக்கிற அரிசித் தட்டு

...எண்டாலும் ஒரு பிள்ளையாவது வரவேண்டாமோ, தம்பி? ஒரே ஒரு பிள்ளை! விடியவே வந்து பாயை விரிச்சு, தட்டிலை அரிசியைப் பரப்பிப்போட்டு, இப்ப வாசல்லை வந்து ஆள் பிடிக்கிறன். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிறதெண்டால் இந்தக் கோயிலிலை பரமநாதன் மாஸ்டர்தான். ஓம், நான்தான். அங்கை பாருங்கோ, மயூரா ரீச்சரின்ரை வரிசையை... சப்பாத்து வைக்கிற இடம் மட்டும் வந்திட்டுது!

கழட்டுங்கோ, கழட்டுங்கோ. மகளின்ரை குளிர்ச்சட்டையை இஞ்சை தாங்கோ. புருசெத் பக்கமோ வீடு? நாங்களும் அந்தப் பக்கந்தான். என்ன சொல்ல வந்தனான்... ஆ, வரிசை!

பொம்பிளையள் கைபிடிச்சு ஏடு தொடக்கினதை இந்தக் கோயிலிலை ஆர் கண்டது? சரி, போன வருசம் என்னட்டையும் கொஞ்சம் பிழைச்சுத்தான் போச்சு. ஒரு பொடியன் ஆனா எழுத இடக்கையை நீட்டினான். நான் வலக்கைக்கு மாத்தினன். ஐயோ, அவன் போட்ட கத்தல்! ஐயரே மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டார். இன்னொண்டு அரிசியைப் போனிலை மாதிரி விரலாலை தள்ளித் தள்ளிப் பாக்குது, அடுத்த படம் வருமெண்டு! மயூராட்டை எண்டால் எந்தக் கையும் பரவாயில்லையாம், அழுதால் மடியிலை இருக்கலாமாம்... இதெல்லாம் ஒரு ஏடு தொடக்கலோ? சிரிக்கிறியள். சிரியுங்கோ. என்ரை மனிசி வசந்தமலரும் சிரிக்கிறா. அவல் கடலையையும் அங்கைதான் கொண்டுபோய் வைச்சிட்டா.

ஆர் அவளை அதிலை இருத்தினது எண்டோ? அது... அது வந்து... கொம்யூனிலையிருந்து, அதுதான் நகரசபையிலையிருந்து, ஒரு அம்மா எங்கடை நிர்வாகக் கூட்டத்துக்கு வந்தவ. கோயிலிலை பெண்களுக்கு என்ன பொறுப்புக் குடுக்கிறியள் எண்டு கேட்டா. எல்லாரும் நிலத்தைப் பாத்தினம். ஒராள் மட்டும் எழும்பி மேசையிலை தட்டினார். "எங்களுக்குப் படிப்புக்குத் தெய்வமே ஒரு பெண்தான்! இந்தமுறை ஏடு தொடக்கவும் ஒரு பெண் இருப்பா!" எண்டு. கைதட்டெண்டால் அப்பிடியொரு கைதட்டு!

ஆரோ? நான்தான், தம்பி. ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஒருத்தரும் அவளட்டைப் போகாயினம் எண்டு நினைச்சன்.

சரி, வாங்கோ, பிள்ளையைப் பாயிலை இருத்துவம். பேர் சாருகாவோ? வடிவான பேர். எங்கை, கையைக் காட்டுங்கோ குஞ்சு... அட, இடக்கையோ? பரவாயில்லை, மெல்ல மெல்ல மாத்துவம்... தம்பி? எங்கை போறியள்? அந்த வரிசைக்கோ?

பொறுங்கோ, குளிர்ச்சட்டையை விட்டிட்டுப் போறியள்! சரி, என்னட்டையே கிடக்கட்டும். போங்கோ, போங்கோ. மயூராவும் இடக்கைதான். அவளுக்கு ஏடு தொடக்கினதே நான்தானே, எனக்குத் தெரியாதோ! பின்னாலை நிண்டு பிள்ளையைக் காயவிடாதேங்கோ. நேரை முன்னுக்குப் போய், உங்கடை அப்பா அனுப்பினவர் எண்டு மயூராட்டைச் சொல்லுங்கோ.