மலை இன்னும் விழவில்லை

தலைமை தாங்கும் மாக்ரெட் அம்மையார் அவர்களே, துயரத்தோடு அமர்ந்திருக்கும், மறைந்தவரின் கணவர் புஷ்பராஜ் அவர்களே, எமது மண்சரிவு ஆய்வு நிலையத்தின் அதிகாரிகளே, தேவமலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து இந்த வெள்ளவத்தை மண்டபம் வரை வந்திருக்கும் உறவுகளே, கலாநிதி ஜெயராணி அவர்களே...

மன்னிக்க வேண்டும். பழக்கதோஷம். எங்கள் கூட்டங்களில் அவர் எப்போதும் முன்வரிசையில் இருப்பார். அந்தப் பெயரைச் சொல்லாமல் நான் பேச ஆரம்பித்ததே இல்லை. இன்று அவருடைய படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவதென்றே தெரியவில்லை.

பேச வேண்டியதை நன்றாக யோசித்துத்தான் வந்தேன். வாசலில் மயிலம்மா அக்கா என்னை நிறுத்தினார். தேவமலைத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கீழ் லயத்துக்காரர். "சேர், மிஸ் இல்லாம போயிட்டாங்க. இனி நாங்க லயத்துக்குத் திரும்பிப் போகலாமுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. நான் பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அன்பானவர்களே, ஒரு வைத்தியர் காலமானால் அவர் பிழைக்க வைத்தவர்களைக் காட்டிப் புகழலாம். பாலம் கட்டியவர் காலமானால் பாலத்தைக் காட்டலாம். மண்சரிவு ஆராய்ச்சியாளர் ஒருவரை எதைக் காட்டிப் புகழ்வது? நடக்காமல் போன ஒன்றையா? கலாநிதி ஜெயராணி "சரியக்கூடும்" என்றார். மலை இன்றும் நிற்கிறது! தேயிலை கூடப் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அவர் சொன்னது சரியாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் அது பாவமில்லையா? பிழையாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது அவருக்குச் செய்யும் துரோகமில்லையா? தொழுது முடித்துக் கையேந்தும்போது நான் எதைத்தான் கேட்பது?

கீழ் லயத்துக்கு மேலே நிலத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் முளை அடித்து, குறுக்கே கம்பி கட்டினோம். வெடிப்பு விரிந்தால் கம்பி இழுபடும், சைரன் ஊதும், எங்கள் நிலையத்துக்கும் தகவல் வரும். கட்டி ஒரு மாதம் ஆகவில்லை, நல்ல வெயில் நாளில் சைரன் ஊதியது. லயமே பாடசாலைக்கு ஓடியது. நாங்கள் கொழும்பிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், கம்பியில் ஒரு கம்பிளி! யாரோ துவைத்து, சொட்டச் சொட்ட அதில் காயப்போட்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் சிரித்தார். எங்கள் நிலையத்தில் மட்டும் சிலர் கேலியாகச் சிரித்தார்கள். அவர் யாரையும் ஏசவில்லை. அடுத்த பயணத்தில் வெள்ளவத்தைச் சந்தையில் நைலோன் கயிறும் கிளிப்பும் வாங்கிக்கொண்டு வந்து, வெடிப்புக்குத் தள்ளி ஒரு கொடியைத் தானே கட்டிக் கொடுத்தார். கலாநிதிப் பட்டம் பெற்று உடுப்புக் கொடி கட்டிய விஞ்ஞானியை நீங்கள் வேறெங்காவது கண்டதுண்டா?

பிறகுதான் பெருமழை. அன்றைக்கும் சைரன் ஊதியது. ஒருவரும் அசையவில்லை. "யாரோ கம்பிளி போட்டிருக்காங்க" என்று இருந்துவிட்டார்கள்! கலாநிதி ஜெயராணி மயிலம்மா அக்காவுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதானே, அந்தப் பேச்சிலேயே கேட்டார்: "இந்த மழையில யாராச்சும் துணி காயப்போடுவாங்களா மயிலம்மா?"

மறுபக்கத்தில் மயிலம்மா அக்கா லயத்தாரைக் கூப்பிட்டுக் கத்தியது எனக்கே கேட்டது. எல்லாரும் இறங்கினார்கள்.

வெடிப்பு ஒரு சாண் விரிந்தது. விரிந்து, நின்றுவிட்டது. ஏன் நின்றது? தெரியாது. அன்றிலிருந்து கம்பி அசையவில்லை. அந்தக் குடும்பங்கள் தேயிலைக் கொழுந்து சேர்த்து வைக்கும் பழைய ஸ்டோரில் சீலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடியிருக்கிறார்கள். தோட்ட நிர்வாகத்தில் லயத்துக்குத் திரும்பி வரச் சொல்கிறார்கள். இவரோ போக வேண்டாம் என்றார். எவ்வளவு ஏச்சு வாங்கினார்! "ஒங்க பேச்சக் கேட்டு எங்க பொழப்பே போச்சு மிஸ்ஸு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நின்றார். போன வாரம் இங்கே, தன் வீட்டில், தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய இதயம் நின்றுவிட்டது. எத்தனை சரிவுகளில் ஏறி இறங்கிய கால்! எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

கடைசியாகச் சந்தித்தபோது நானே அவரோடு வாதாடினேன். "கம்பி அசையவே இல்லயே மிஸ். இன்னும் ஏன் விட மாட்டேங்கிறீங்க?"

"எனக்குத் தெரியல ஸாலிஹ்," என்றார். "உள்ளுக்குள்ள தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியல. தொளை போட்டுப் பாக்காம யாருக்கும் தெரியாது. தெரியாத மலைக்குக் கீழ பிள்ளைகளைப் படுக்க வைக்கச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருட ஆராய்ச்சியின் முடிவு "தெரியாது" என்பதா? இன்றைக்கும் எனக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் திங்கட்கிழமை முதல் அவருடைய நாற்காலியில் நான் உட்கார வேண்டும். திரும்பிப் போகலாமா கூடாதா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

மேடையில் இருக்கும் அதிகாரிகளே, துளையிடும் இயந்திரம் இதே கொழும்பில், ஒருகொடவத்தையில் ஒரு யார்டில் லொறிக்காகக் காத்துக் கிடக்கிறது. மலர்வளையத்தை உடனே அனுப்பி வைத்தீர்கள். அந்த லொறியையும் அனுப்பி வையுங்கள். வேறு அஞ்சலி அவருக்குத் தேவையில்லை.

மயிலம்மா அக்கா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போகாதீர்கள். மலை விழும் என்று நான் சொல்லவில்லை. விழாது என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. துளை போட்டுப் பார்க்கும் வரைக்கும் தெரியாது. கலாநிதி ஜெயராணியின் பணியைத் தொடர்வேன் என்று இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். அவருடைய பணியில் எது கடினமானது என்று இப்போதுதான் விளங்குகிறது.

கூட்டம் முடிந்ததும் உங்கள் பஸ்ஸிலேயே நானும் ஏறுகிறேன். வழியெல்லாம் ஏசுங்கள். மிஸ்ஸுக்கு ஏசியதைவிடக் கூடுதலாகவே ஏசுங்கள், கேட்டுக்கொண்டு வருகிறேன். லயத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள்.