தெரியாதவர்களுக்குப் பதில் எழுதாதே

தண்ணீர்ப் புட்டியில் பெயர் எழுதி அனுப்பச் சொல்லும் நினைவூட்டலை நான் எப்போதும் ஞாயிறு மாலையில்தான் பெற்றோரின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போடுவேன். வெள்ளிக்கிழமையே போட்டால் மறந்துவிடுகிறார்கள். திங்கள் காலையில் போட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். கட்டொழுங்கு ஆசிரியை வேலை என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான், இன்ஸ்பெக்டர். நகம் வெட்டியிருக்க வேண்டும். சட்டை காற்சட்டைக்குள் இருக்க வேண்டும். சிற்றுண்டிச் சாலையில் வரிசையைத் தாண்டக் கூடாது. கைப்பேசி பள்ளிக்குள் வரக் கூடாது. யாரும் நன்றி சொல்லாத வேலை. நானும் எதிர்பார்த்ததில்லை.

இணையப் பாதுகாப்பு என்று ஒன்று பிறகு வந்து சேர்ந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "திலகேஸ்வரி, இதையும் நீங்களே பாத்துக்குங்க, உங்களுக்குத்தான் புள்ளைங்க பயப்படுதுங்க" என்றார். திங்கட்கிழமை சபைகூடலில் படம் போட்டு விளக்கினேன். முகவரி கொடுக்காதே. படம் அனுப்பாதே. முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதாதே. அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்று எவராவது சொன்னால் உடனே சொல். பிள்ளைகள் எல்லாரும் "சரிங்க டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். படங்களைத் தயாரித்துக் கொடுத்தவர் கணினிக்கூட உதவியாளர் சுதேந்திரன். நல்ல பையன். பிள்ளைகளோடு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுவார், அது விதிப்படி சரியில்லை என்று நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில், பிள்ளைகள் காணொளி போடும் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். காலையில் தலையாட்டிய அதே பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வீட்டு எண் தெரிகிறது. குடியிருக்கும் தாமானின் பெயர்ப்பலகை தெரிகிறது. எனக்குக் கோபம் வரவில்லை. சோதித்துப் பார்க்காத பாடம் பாடமில்லை, அவ்வளவுதான் தோன்றியது.

அப்படித்தான் ரித்திக்கை உண்டாக்கினேன். பதினோரு வயது, ஈப்போவில் ஒரு பள்ளி, ஒரு பூனையின் படம். நட்பழைப்பு அனுப்பினேன். இரவுச் சாப்பாட்டுக்குள் பாதி வகுப்பு ஏற்றுக்கொண்டிருந்தது.

மறுநாளே கண்டித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கண்டித்தேன். பெயர் சொல்லாமல், பொதுவாக. பிள்ளைகள் பயந்து ஒவ்வொருவராக ரித்திக்கை நீக்கினார்கள். நான்காம் ஆண்டு லிஷாந்தினி மட்டும் நீக்கவில்லை.

அவளுடைய தாய் சிங்கப்பூரில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. தகப்பன் குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். பகலெல்லாம் வீட்டில் யாரும் இல்லை. அவள் ரித்திக்குக்கு எழுதினாள், நான் பதில் எழுதினேன். இன்றைக்கும் மெகி நூடல்ஸ்தான். அப்பா தூங்கும்போது லோரி மாதிரியே சத்தம் போடுகிறார். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இருக்கிறாள், பேய் மாதிரி. அது யாரென்று கேட்டேன். "திலகேஸ்வரி டீச்சர். அவங்க சிரிச்சா மழ வரும்" என்று எழுதினாள். நான் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். மறுநாள் அவள் நகங்களைச் சோதித்தபோது சற்று நீளமாகத்தான் இருந்தன. இடைவேளை முழுக்க வெயிலில் நிற்க வைத்தேன். அன்று மாலை அவள் அழுதுகொண்டே ரித்திக்கிடம் சொன்னாள். நான் ஆறுதல் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள், வீட்டில் ஆளில்லை.

சில மாதங்கள் இப்படிப் போயின. சோதனை என்றால் முழுமையாகச் செய்ய வேண்டும் என்பதால் கடைசியாக அவளைச் சந்திக்கக் கூப்பிட்டேன். சனிக்கிழமை மாலை, தாமானுக்குப் பின்னால் உள்ள விளையாட்டு மைதானம். அப்பாவிடம் சொல்லாதே என்றும் எழுதினேன். சபைகூடலில் நான் சொன்னது நினைவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. வரவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் முறுக்கோடு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நான் சாலைக்கு எதிர்ப்புறம் காரில் இருந்தேன். இறங்கிப் போய் விளக்கம் சொல்வதுதான் திட்டம். மழை பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து போகவில்லை, முறுக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் சற்று நேரம் காத்திருந்தால் பாடம் ஆழமாகப் பதியும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் குணாளனின் லோரி வந்துவிட்டது. மகளைத் தேடி அலைந்திருக்கிறார். இறங்கி, அவளைத் தூக்கி, கைப்பேசியைப் பிடுங்கினார். நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. கைப்பேசியை மேசை மேல் வைத்தார்.

"டீச்சர், நீங்கதான் இதெல்லாம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க. பூராவும் படிச்சேன். பூன படம் போட்டிருக்கான், நாயி. எவனோ பெரிய ஆளு. எம் பொண்ணோட நெகத்தப் பத்திக்கூட பேசியிருக்கான். யாரு டீச்சர் இவன்?"

"நிதானமா இருங்க, குணாளன்."

"நிதானமா எப்படி இருக்கறது? போலீஸ் பாலாய்ல ரிப்போட் போட்டுரட்டா?"

போட்டால் மகளின் பெயர் ஊரெல்லாம் போகும் என்று சொன்னேன். அது உண்மைதான், உங்களுக்கே தெரியும்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல நடக்கறதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ளுக்குள்ள இருக்கற ஆளுதான். இங்க கம்ப்யூட்டரெல்லாம் யாரு பாத்துக்கறா?"

"சுதேந்திரன்னு ஒரு தம்பி."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"புள்ளைங்களோட பழகுவானா?"

"பழகுவாரு. சேர்ந்து உக்காந்து சாப்பிடுவாரு. வேணாம்னு நானே சொல்லியிருக்கேன்."

இந்தப் பேச்சில் ஒரு பொய் இருந்தால் காட்டுங்கள். எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டார், ஆற்றங்கரைக் கடைவரிசை மேல்மாடி என்றேன். வேலை முடிந்து எப்போது போவார் என்று கேட்டார், அதையும் சொன்னேன். எழுந்தவர் வாசலில் நின்று, "நீங்க தெய்வம் டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே லோரிப் பட்டறை ஆள்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவரவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே அடித்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் சங்கிலி, தண்ணீர்க் குழாய். கடைவரிசைக்குப் பின்புறம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே கிடந்தவரைக் கோழிச்சோற்றுக் கடைக்காரர்தான் பார்த்தார். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஒரு கண் இல்லை. நான் மருத்துவமனைக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சாப்பிடும் நிலையில் அவர் இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள ஒருத்தருக்கும் கெடுதல் நெனச்சதில்லயே டீச்சர், யாரு இப்படிப் பண்ணுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆரஞ்சை அவரிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, சம்பவம் குறித்து உறுதிசெய்யப்படாத செய்திகளைப் பகிர வேண்டாம் என்று குழுவில் ஒரு நினைவூட்டல் போட்டேன். பெற்றோர் பலர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஒரு விவரம் விட்டுப்போனது. அதற்கு முந்தைய வாரம் சுதேந்திரன் என் அறைக்கு வந்திருந்தார். "டீச்சர், ஆபீஸ் கணினியில ரித்திக்னு ஒரு கணக்கு மூடாம கெடக்கு. நம்ம புள்ளைங்களோட பேசியிருக்கு. யாரோடதுன்னு தெரியல, எச்செம்கிட்ட சொல்லிரட்டுமா?" என்றார். இடைவேளையில் திறந்து நான் மூட மறந்தது. நானே விசாரித்துத் தலைமையாசிரியரிடம் சொல்கிறேன் என்றேன். "அப்ப சரிங்க டீச்சர்" என்று நம்பிப் போனார். குணாளனிடம் பேசும்போது அது என் நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒரு நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காரியம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால், நாளைக்கு என் நினைவூட்டலை எந்தப் பெற்றோர் படிப்பார்கள்?

சுதேந்திரன் அடிபட்ட அந்த வாரமே இறந்துபோனார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மழையில் நனைந்ததில் லிஷாந்தினிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். பள்ளிக்கு வரவில்லை. டாக்டரின் எம்சி பிறகு தருகிறேன் என்று குணாளன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். கைப்பேசியை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார், தனியாக இருக்கிறாளே, அவசரத்துக்கு வேண்டுமே என்று. நான் வெள்ளிக்கிழமை மாலை தேநீர் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் இன்னும் பதில் எழுதுகிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன். காய்ச்சல் விட்டதா என்று ரித்திக் கேட்டான். அவள் பதில் எழுதவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. விளையாட்டுப் போட்டிக்காகப் பொருள் அறையை ஒழுங்குபடுத்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். வாசலில் காவலுக்கு ஜாகா மட்டும் இருந்தார். குணாளன் உள்ளே வந்தார். அவர் என்னை அடிக்க வரவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். சாக்கோட்டத்துக்கு வைத்திருந்த சாக்குக் குவியல் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"செத்தவன் எப்படி டீச்சர் மெசேஜ் போடுவான்?"

"என்ன சொல்றீங்க?"

"நேத்து சாயங்காலம் அந்த ரித்திக் எம் பொண்ணுக்கு எழுதியிருக்கான். காச்ச விட்டுருச்சான்னு. பயந்துபோயி எங்கிட்ட ஓடியாந்து காட்டுது." குரல் தாழ்ந்தே இருந்தது. "பாப்பாவுக்குக் காச்சன்னு நான் ஒருத்தர்கிட்டதான் போன் பண்ணிச் சொன்னேன். உங்ககிட்ட."

நான் கையிலிருந்த பொருள் பட்டியலை அலமாரியில் வைத்தேன்.

"ஏன் டீச்சர்?"

பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்றேன். அவர் என்னையே பார்த்தார், நான் வேறு மொழியில் பேசியது போல.

"அந்தப் பையன் கீழ விழுந்து கெடந்து, 'அண்ணே, நான் என்னண்ணே பண்ணேன்'னு கேட்டான். நான் வாயிலயே மிதிச்சேன்." குனிந்து தன் காலைப் பார்த்தார். "வாங்க, பாலாய்க்குப் போவோம். நான் செஞ்சத நான் சொல்லிர்றேன். நீங்க செஞ்சத நீங்க சொல்லுங்க. அவன் அம்மாவுக்குத் தெரியணும், தம் புள்ள நல்லவன்னு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் இந்த ஒரு மாதத்தில் போட்டி, அடுத்து தேர்வு, பிள்ளைகள் எல்லாரும் என்னை நம்பியிருக்கும் நேரம். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அலமாரியில் குண்டெறிதலுக்கான இரும்புக் குண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, அதிக எடை இருக்காது. அதனால் ஒரு முறை போதவில்லை. இரண்டாவது முறை அவர் எழுந்திருக்கப் பார்த்தார், என் சேலை முந்தானையைப் பிடித்தார். "பாப்பா" என்றார். என்னைச் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. சாக்குகள் ஊறிப்போயின. போட்டிக்கு அவை இனிப் பயன்படாது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

திரும்பியபோது லிஷாந்தினி கதவருகில் நின்றாள். லோரியில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார், அவள் இறங்கி வந்துவிட்டாள். குண்டு இன்னும் என் கையில் இருந்தது. "அனுமதி இல்லாமல் பொருள் அறைக்குள் வரக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?" என்றேன். கத்தவில்லை. எப்போதும் சொல்வது போலத்தான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், திரும்பி ஓடினாள். வராந்தாவில் ஓடக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அதற்குள் ஜாகா அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

ரித்திக் நான்தான். சுதேந்திரனைக் காட்டிக்கொடுத்தது நான்தான், அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தே. குணாளனைக் கொன்றதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

உங்கள் பெண் காவலர் ஒருவர் காலையில் சொன்னார். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கார்ட்டூன் பார்க்கட்டும் என்று கைப்பேசியை நீட்டியதற்கு இரண்டு கையாலும் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதாம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தவள், எனக்குத் தெரியும், இதில் கலங்க ஒன்றுமில்லை. ஒரு பிள்ளையாவது கற்றுக்கொண்டதே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.