எல்லாப் பியருக்கும் ஒரு கிளாஸ்

வீட்டுக்கு ஒரேயொரு பியர் கிளாஸ்தான் வாங்க முடியும் என்றால், வயிறு கொஞ்சம் உப்பி, வாய் கொஞ்சம் ஒடுங்கி, கீழே குட்டைக் கால் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஐயா. மற்றதெல்லாம் பார்வைக்குத்தான்.

நீங்கள் மரண விசாரணைக்கு வந்தவர். வந்ததும் மேசையில் இருந்த கிளாஸைத் தூக்கிப் பார்த்து, தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் இப்படி ஒன்று எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் வேலை செய்வது பழைய துரை பங்களாவில். இப்போது அது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். கஹவத்தையிலிருந்து மேலே ஏறும்போது நீங்களும் கண்டிருப்பீர்கள். சாப்பாட்டு மேசை என் பொறுப்பு. வருகிறவர்கள் விதவிதமான பியர் குடிப்பார்கள். சிலர் கொழும்பிலிருந்தே பெட்டியாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிளாஸ் வைத்திருந்தோம். அலுமாரியில் இடமில்லை, கழுவக் கழுவ உடைந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்று மெனேஜர் நப்லா மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

“ராகினி அக்கா, குடிக்காத ரெண்டு பேர்க்கிட்ட இந்த வேலயக் குடுத்தீக்கிறாங்க. வாய் வாணாம், மூக்க வெச்சுப் பாப்போம்.”

“மூக்குக்கு வெறி ஏறினா என்னா செய்றது மிஸ்?”

“அப்ப நீங்கதான் என்னத் தூக்கிட்டுப் போகணும். நல்லாப் பழகின ஆள்தானே.”

அவருக்கு என் வீட்டுக் கதை தெரியும். நானும் சிரித்தேன்.

நெட்டைக் கிளாஸில் பொன்னிற லாகர் பியர் அழகாக நின்றது. ஆனால் கறுப்பு ஸ்டவுட்டை ஊற்றினால் மணமே வரவில்லை. கைபிடி வைத்த தடித்த குவளையைத் தூக்கவே கை வலித்தது. நேர்ச்சுவர்க் கிளாஸுக்கு வாய் அகலம், நுரை உடனே அடங்கிவிடும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் விளிம்பும் தெறிக்கும். கடைசியாக இதை எடுத்தோம். கோதுமைப் பியரின் நுரைக்கும் இதில் இடமிருந்தது. ஒடுங்கிய வாய் மணத்தைப் பிடித்து வைத்து நேரே மூக்குக்குக் கொடுத்தது. காலில் பிடித்தால் கைச்சூடு ஏறாது. எதை ஊற்றினாலும் அதற்கென்றே செய்தது போல இருந்தது. மற்றவற்றில் கிளாஸின் வடிவத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடலாம். இதில் சொல்ல முடியாது. அது எனக்குப் பிடித்துப் போனது. நப்லா மிஸ் எனக்கும் ஒன்று தந்தார். நான் களவாக எடுத்து வரவில்லை. வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள்.

என் புருஷன் கிருஷ்ணராஜ் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் குடித்தார். சாராயம், கை வறண்டால் கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பு. நான் குறையாகச் சொல்லவில்லை. சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடந்தால் தூக்கி வந்தேன். வாந்தியைக் கழுவினேன். கையால் ஊட்டினேன். காலையில் வெறி தெளிந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவார். “நீ இல்லாட்டி நான் செத்திருவேன் ராகினி” என்பார். எத்தனை பெண்களுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைக்கிறது. அந்தக் காலத்தில் எங்களுக்குள் இருந்த அன்பை யாருக்குச் சொன்னாலும் விளங்காது.

போன வருஷம் ஈரல் பழுதாகி, ரத்தமாகக் கக்கினார். நான்தான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து, பிறகு தமிழிலும் சொன்னார். எனக்கு இரண்டு மொழியிலும் விளங்கியது.

அவர் விட்டுவிட்டார். உண்மையாகவே விட்டுவிட்டார். முகம் தெளிந்தது. தன் உடுப்பைத் தானே கழுவினார், சோற்றைத் தானே போட்டுக்கொண்டார். நான் தட்டை வாங்கப் போனால், “இருக்கட்டும், ஒனக்கு எதுக்குச் சிரமம்” என்பார். பங்களாவுக்கு வருகிற விருந்தாளிகள் அப்படித்தான் பேசுவார்கள். பின்னேரம் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெறி இல்லாத மோல்ட் குடிப்பார். அதை நான் இந்தக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன்.

“என்னா ராகினி, என்னையத் தொரையாக்கிட்டியா?”

“தொரைமாரு இப்புடிக் கிழிஞ்ச பெனியனோட ஒக்கார மாட்டாங்க.”

அன்று நன்றாகச் சிரித்தார். அவர் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். குடித்த காலத்தில் அந்தக் குழியை நான் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம், வரக்காப்பொலயில் நுஹ்மான் முதலாளியின் ஹாட்வெயார் கடை லொறிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார். தங்க அறையும் உண்டாம்.

“நல்லதுதானே. எப்ப போறோம்?”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “நான் மட்டுந்தான் போறேன். ஒம்மேல குத்தம் ஒண்ணுமில்ல புள்ள. நீ பாக்குறப்பல்லாம் நான் இன்னும் கான்ல கெடக்குற மாதிரியே இருக்கு. அங்க யாருக்கும் என்னைய அப்புடித் தெரியாது.”

“திரும்பி வருவீங்களா?”

“செலவுக்கு அனுப்புறேன்” என்றார்.

நான் கேட்டது அதை அல்ல, ஐயா.

விருந்தாளிகள் போகும்போது திறக்காத போத்தல்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒருநாள் லாகர் கிடைக்கும், ஒருநாள் கோதுமைப் பியர், ஒருநாள் ஸ்டவுட். முதலில் மோல்ட்டில் கொஞ்சமாக லாகர் கலந்தேன். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அளவைக் கூட்டும்போது நான் அவசரப்படவில்லை. அவருடைய உடம்பு எனக்குத் தெரியும். வேறு வேறு கிளாஸில் கொடுத்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். இது அவருடைய மோல்ட் கிளாஸ். பழகிய கிளாஸை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஒரு பின்னேரம் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அதன் வாயைப் பற்றி முன்பே சொன்னேன்.

“இதுல என்னா ஊத்துன?”

“வேற கம்பனி மோல்ட்டு. புடிக்கலன்னா குடுங்க, கொட்டிர்றேன்.”

நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. கிளாஸ் காலியாகும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆகவே நான் ஏமாற்றினேன் என்று எழுத வேண்டாம். நான் கையை நீட்டினேன்.

அதன் பிறகு மோல்ட் தேவைப்படவில்லை. வரக்காப்பொலப் பேச்சும் நின்றது. நுஹ்மான் முதலாளி ஃபோனில் கூப்பிட்டபோது நான்தான் பேசி, இவருக்குச் சுகமில்லை என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. உடுப்பை மறுபடி நான் கழுவினேன். சோற்றை மறுபடி நான் ஊட்டினேன். ஒரு காலையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று எனக்கு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை.

“ஒன்னைய மாதிரி பொஞ்சாதி கெடைக்க அந்தாளு குடுத்து வச்சிருக்கணும்” என்று பக்கத்துக் காம்பரா பஞ்சவர்ணம் அக்கா சொன்னார். அவரையும் நீங்கள் விசாரிக்கலாம்.

வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. நேற்றுக் காலை ரத்தம் வந்தது. பஞ்சவர்ணம் அக்கா கதவைத் தட்டி, “ராகினி, ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீல் கூப்புடவா?” என்று கேட்டார். மருந்து கொடுத்துவிட்டேன், தூங்குகிறார் என்றேன்.

அவர் தூங்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ புள்ள” என்றார். சத்தமாகச் சொல்லச் சக்தி இல்லை. ஆனால் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஸ்டவுட் இருந்தது. தலையை மடியில் தூக்கி வைத்து, மெதுவாகப் பருக்கினேன். வாயை மூடினார். கன்னத்தைத் தடவித் தடவித் திறக்க வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பது போலத்தான் கொடுத்தேன்.

த்ரீவீலில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். போன வருஷமும் குணமாக்கித்தான் அனுப்பினார்கள். குணமான மனுஷன் எங்கே போகப் பார்த்தார் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அதே பிழையை இரண்டாம் தரமும் செய்ய என்னால் முடியவில்லை.

உள்ளே போய்ப் பாருங்கள். முகம் துடைத்து, நல்ல சேட் போட்டுவிட்டிருக்கிறேன். எழுதும்போது இதையும் மறக்காமல் எழுதுங்கள், ஐயா. கடைசி மூச்சு வரைக்கும் அவர் என் கையை விடவே இல்லை.